காற்று எல்லோருக்கும், காணி யாருக்கு?

2025 செப்டெம்பர் 27ஆம் திகதி, சனிக்கிழமை. கண்டி மஹய்யாவவில் எமது பெண்கள் குழுவின் மாதாந்தச் சேமிப்புக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வழமையாக முதல் ஆளாக வந்து பாயை விரித்துவிட்டு உட்காரும் அக்கா ஒருவர் அன்று அரை மணித்தியாலம் பிந்தி வந்தார். வந்தவர் சேமிப்புப் புத்தகத்தை எடுக்கவில்லை. கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"இதப் பாருங்கோ மிஸ். இதில பின்னுக்கு நிக்கிறது என்ர தங்கச்சி."

முதல்நாள் இரவு மன்னாரில் எடுக்கப்பட்ட காணொளி அது. காற்றாலைக்கான பாரிய பாகங்களை ஏற்றிய வாகனங்கள் தீவுக்குள் வருகின்றன. பாதையில் மக்கள் இருக்கிறார்கள். பொலிஸார் அவர்களை அகற்றுகிறார்கள். கூக்குரல் கேட்கிறது. அன்றிரவு பெண்களும் மதகுருமாரும் உட்படப் பலர் காயமடைந்தார்கள் என்பதைப் பின்னர் செய்திகளில் அறிந்தோம்.

அக்காவின் சொந்த இடம் மன்னார்த் தீவிலுள்ள பேசாலை. யுத்தத்தில் பல தடவை இடம்பெயர்ந்து, மகனுக்குக் கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை கிடைத்தபின் மஹய்யாவவில் வாடகை வீடொன்றில் குடியேறியவர். தங்கை மட்டும் ஊரிலேயே இருந்துவிட்டார்.

காணொளி கைமாறிக் கைமாறிப் போனது. மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "மிஸ், காத்துல கரண்ட் எடுக்குறது நல்லதுதானே? நிலக்கரி மாதிரி புகையா வருது? நம்ம பில்லும் கொறையும்தானே? எதுக்கு இந்தச் சண்டை?"

அவர் கேட்டதில் பிழையில்லை. 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், அவ்வருடம் ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவில் உயர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் எமது குடியிருப்புகளிலும் இருந்தார்கள். ஆனால் காணொளியில் நின்ற அந்தத் தங்கையும் பிழையானவராக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் பெண்கள், இரண்டு பக்கமும் நியாயம். அப்படியானால் பிழை எங்கே நடந்தது? இதனை அறிய முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

ஏன் மன்னார்?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து பெறக்கூடிய சக்தி எட்டு மடங்காகும். இது இயற்கையின் கணக்கு. ஆகவே காற்றாலை அமைக்க வருபவர்கள் காற்றுள்ள இடத்தையல்ல, காற்று மிகக் கூடுதலாக உள்ள இடத்தையே தேடுகிறார்கள். ஒரு கரையோரத்துக்கும் சில மைல் உள்ளே இருக்கும் நிலத்துக்கும் இடையிலான சிறிய வேறுபாடுகூட வருமானத்தில் பெரிய வேறுபாடாகிவிடும்.

மன்னார்த் தீவு மெல்லிய நிலத்துண்டு. தலைமன்னாரில் முடிந்து, அங்கிருந்து இராமர் அணையின் மணற்திட்டுகள் இந்தியாவை நோக்கிச் செல்கின்றன. மலையில்லை, மறைப்பில்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் ஓயாது வீசும். மீனவக் குடும்பங்கள் கடலுக்குப் போகும் நாளையும் போகாத நாளையும் சோளகத்தையும் வாடையையும் பார்த்தே கணக்கிடுவார்கள்.

இதில் மலையகத்துக்கும் மன்னாருக்கும் ஓர் உறவு உண்டு. அதே மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை எங்கள் மலைகளில் பெய்கிறது. காற்றிலிருந்து மின்சாரம் கிடைக்கும்போது நீர்த்தேக்கங்களில் நீரைச் சேமித்து வைக்கலாம். கோடையில் அந்த நீரைப் பயன்படுத்தலாம். அந்த அளவுக்கு வெளிநாட்டிலிருந்து நிலக்கரியும் எண்ணெயும் வாங்கத் தேவையில்லை. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவதென நாடு இலக்கு வைத்ததற்கும் இவையே காரணங்கள்.

நடந்தது என்ன?

மன்னாரின் முதலாவது பெரிய காற்றாலை ‘தம்பபவனி’. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனுதவியுடன் இலங்கை மின்சார சபை இதனை அமைத்தது. தீவின் தென் கரையோரமாக 30 காற்றாலைகள். மொத்த ஆற்றல் 103.5 மெகாவாட். 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. வலசை வரும் பறவைகள் கூட்டமாக நெருங்கும்போது காற்றாலைகளை நிறுத்துவதற்கென ராடார் கருவியும் பொருத்தப்பட்டது.

அடுத்து வந்தது இந்தியாவின் அதானி நிறுவனத்தின் திட்டம். மன்னாரில் 52 காற்றாலைகளுடன் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட். 2024 மே மாதத்தில் ஓர் அலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விலை அதிகம் என்றும், பறவைகளின் பாதையில் இவ்வளவு காற்றாலைகளை அமைக்கக்கூடாது என்றும் சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தன. ஆட்சி மாறியபின் அந்த விலை ஒப்புதல் மீளப்பெறப்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது.

பிரச்சினை அத்துடன் முடியவில்லை. 20 மெகாவாட், 50 மெகாவாட் என இரண்டு திட்டங்கள் உள்நாட்டு நிறுவனங்களிடம் இருந்தன. 50 மெகாவாட் திட்டத்தின் விலை ஓர் அலகுக்கு 5 சதத்துக்கும் குறைவு. கட்டணம் செலுத்தும் எமக்கு இது நல்ல செய்தியே. ஆனால் 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் பாகங்கள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13ஆம் திகதி ஜனாதிபதியுடன் பேச்சுவார்த்தை நடந்து வேலைகள் ஒரு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன. செப்டெம்பர் 22ஆம் திகதி வேலைகளைத் தொடரும்படி ஜனாதிபதி செயலகத்திலிருந்து கடிதம் வந்தது. 26ஆம் திகதி இரவு நடந்ததைத்தான் அக்காவின் தொலைபேசியில் பார்த்தோம். 29ஆம் திகதி மன்னாரில் ஹர்த்தால் அனுஷ்டிக்கப்பட்டது.

மக்கள் சொல்வது

ஒக்டோபர் நடுப்பகுதியில் அக்காவுடன் நானும் மன்னாருக்குப் போனேன். தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி என்று பஸ் ஓடி, பாலத்தைக் கடந்து தீவுக்குள் இறங்கியபோது மாலையாகிவிட்டது. தெருவோரம் கழுதைகள் நின்றன. பனைகளுக்கு மேலாகத் தூரத்தில் வெள்ளைக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சொல்லத்தான் வேண்டும், பார்க்க அழகாகவே இருந்தன. சிறகு ஒன்றே 60 மீற்றர் நீளம் என்பதை நினைத்தபோதுதான் அந்தச் சிறிய தீவுக்கு அது எவ்வளவு பெரிய பொருள் என்பது விளங்கியது.

தங்கையின் வீட்டு முற்றத்தில் அன்றிரவு ஏழெட்டுப் பெண்கள் கூடினார்கள். அவர்கள் ஒவ்வொருவராகக் கூறியவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

முதலாவது வெள்ளம். காற்றாலைகளுக்காக உயர்த்திப் போடப்பட்ட பாதைகளும் அத்திவாரங்களும் மழைநீர் கடலுக்கு ஓடும் வழிகளை மறித்துவிட்டன என்கிறார்கள். தட்டையான தீவில் ஒரு முழம் உயர்ந்த பாதையே அணைக்கட்டாகிவிடும்.

இரண்டாவது மீன். கரைவலைக்கு முன்னர்போல மீன்படுவதில்லை, காற்றாலைகளின் இரைச்சலும் அதிர்வுமே காரணம் என்று சிலர் உறுதியாகக் கூறினார்கள். இந்திய இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்வதும் ஒரு பெரிய காரணம் என்று வேறு சிலர் கூறினார்கள். எது எவ்வளவு காரணம் என்பதை முறையாக அளந்து அவர்களிடமே சொல்லியிருந்தால் இந்த வாக்குவாதம் எழுந்திராது.

மூன்றாவது பறவை. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வான்வழி இத்தீவுக்கு மேலாகச் செல்கிறது. அருகிலுள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. "பறவையப் பற்றிக் கொழும்பில எத்தின கூட்டம் நடந்தது? எங்களப் பற்றி யார் கேட்டது?" என்று ஒரு தாய் கேட்டார். பறவைமேல் அவருக்குக் கோபமில்லை. தன்னிடம் எவரும் கேட்கவில்லை என்பதே அவரது கோபம்.

நான்காவது காணி. இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு சொல்

மற்றவர்கள் போனபின் தங்கை உள்ளே சென்று தகரப் பெட்டியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து வந்தார். இவருக்குத் தென் கரைப் பக்கமாகச் சிறிய காணியொன்று உண்டு. தாய் சீதனமாகக் கொடுத்தது. இருபது பனைகள் நிற்கின்றன. ஓலையும் கிழங்கும் இவரது வருமானத்தில் ஒரு பகுதி. கணவர் மீனவர். 2007இல் வேலைக்கென்று வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு தரகர் வந்திருக்கிறார். "அந்தப் பக்கம் எல்லாம் திட்டத்துக்குப் போகப்போகுது, பிறகு சும்மா போறதைவிட இப்ப நல்ல விலைக்குக் குடுங்கோ" என்று கூறியிருக்கிறார். எந்தத் திட்டம், எந்தக் கம்பனி, யாருடைய பெயரில் எழுதுவது என்று எதுவும் சொல்லவில்லை. கையெழுத்துக்கென ஒரு கடதாசியை விட்டுச் சென்றிருக்கிறார்.

அதைப் படித்துப் பார்த்தேன். வாங்குபவரின் பெயருக்கு வெற்றிடம் விடப்பட்டிருந்தது. விற்பவரின் பெயருக்குக் கீழே கணவரின் பெயர். அதற்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுதப்பட்டிருந்தது.

"காணியக் குடுக்கிறதோ விடுறதோ அது பிறகு, பிள்ளை. இந்தச் சொல்லுக்குக் கீழ நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? பதினெட்டு வருசமா நான் அவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கேல்ல. வந்தாலும் வருவாரெண்டு படலையப் பூட்டாமப் படுக்கிறன்."

அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கும் உடனே பேச வரவில்லை.

சகோதரிகளே, எம்மில் பலருக்கு இந்த நிலைமை புதிதல்ல. தேசவழமைச் சட்டத்தின்படி திருமணமான பெண் தனது பெயரிலுள்ள காணியைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் இல்லாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கவே தரகர் ஒரு சொல்லால் மனிதரை முடித்துவிட்டார். ஆனால் மரணச் சான்றிதழ் எடுப்பது மட்டுமே வழியல்ல. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், இறந்தார் என்று சொல்லாமல், ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற முடியும். பிள்ளைகளின் தேவைகளுக்கும் சொத்து விடயங்களுக்கும் அதனைப் பயன்படுத்தலாம். தேடும் உரிமையும் அதனால் இல்லாமற் போவதில்லை. இதைத் தங்கையிடம் கூறியபோது, இப்படியொன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்றார்.

தெல்தெனியாவை மறக்கலாமா?

மின்சாரத்துக்காக ஊரைக் கொடுப்பது என்றால் என்ன என்பதைக் கண்டி மக்கள் அறிவார்கள். மகாவலித் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு 1985இல் திறக்கப்பட்டது. 122 மீற்றர் உயரம், 210 மெகாவாட் மின்சாரம். பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திகனவுக்கும், தூரத்து மகாவலிக் குடியேற்றங்களுக்கும் அனுப்பப்பட்டன. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் கோடைகளில் பழைய நகரின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரிவதுண்டு. பார்க்கப் போகும் கூட்டத்தில், "இதுதான் எங்கள் வீடு இருந்த இடம்" என்று சிங்கள முதியவர்கள் கைநீட்டிக் காட்டுவார்கள். அவர்களும் எம்மைப் போன்றவர்களே.

அந்த மின்சாரம் வேண்டியதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்றும் நமது வீடுகளுக்கு ஒளி தருவதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் பயன் நாடு முழுவதற்கும், இழப்பு ஓர் ஊருக்கு மட்டும் என்ற கணக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பிரதேசத் திட்டமிடல் என்ற பெரிய சொல்லுக்கு எனது விளக்கம் இதுதான்: ஒரு பிரதேசத்தின் வரைபடத்தை விரித்து, எங்கே வீடு, எங்கே வயல், எங்கே வாடி, எங்கே நீர் ஓடும் வழி, எங்கே பறவை இறங்கும் இடம் என்று முதலில் குறித்துவிட்டு, எஞ்சிய இடத்தில் எத்தனை காற்றாலை பொறுக்கும் என்று கேட்பது. மன்னாரில் இக்கேள்வி தலைகீழாகக் கேட்கப்பட்டது என்பதே மக்களின் முறைப்பாடு. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிக்கை. எல்லாவற்றையும் சேர்த்தால் தீவு தாங்குமா என்ற கேள்விக்கு மக்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இதற்கிடையில் கனிய மணல் அகழ்வுக்கான முயற்சிகளும் அதே கரையில் நடப்பதால் அச்சம் இரட்டிப்பாகியது.

வரைபடம் வரையும் இடத்தில் பெண்கள் இருப்பதும் அரிது. வலை காயும் இடம், கருவாடு போடும் மணல், நல்ல தண்ணீர்க் கிணறு, ஓலை வெட்டப் போகும் ஒற்றையடிப் பாதை ஆகியவற்றை நன்கு அறிந்தவர்கள் பெண்களே. ஆனால் கூட்டங்கள் சமைக்கும் நேரத்தில் வைக்கப்படுகின்றன. அழைப்பு சங்கத் தலைவருக்குப் போகிறது. சங்கத் தலைவர் பெரும்பாலும் ஆணாகவே இருக்கிறார்.

வேறு இடங்களில்

இதற்கு வேறு வழிகள் இல்லாமலில்லை. டென்மார்க்கில் சம்சோ என்றொரு தீவு. ஏறக்குறைய 4,000 பேர் வாழ்கிறார்கள். 1997இல் நாட்டின் புதுப்பிக்கத்தக்க சக்தித் தீவாக அது தெரிவாகியது. நிலத்தில் 11 காற்றாலைகள் அமைக்கப்பட்டபோது ஒன்பதை உள்ளூர் விவசாயிகளும் இரண்டைக் கூட்டுறவும் சொந்தமாக வைத்துக்கொண்டன. பின்னர் கடலில் அமைக்கப்பட்ட பத்தில் ஐந்து உள்ளூராட்சி சபையின் சொத்து. காற்றாலை சுற்றும்போது தமக்கும் காசு வருகிறது என்பதால் அதன் இரைச்சல் அவர்களுக்குப் பெரிதாகக் கேட்பதில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஸ்கொட்லாந்தில் கீகா என்ற மிகச் சிறிய தீவு. 2002இல் தீவு மக்களே சேர்ந்து தமது தீவை விலைக்கு வாங்கினார்கள். பின்னர் மூன்று பழைய காற்றாலைகளை வாங்கி நிறுத்தி, ‘ஆடும் பெண்கள்’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று தனிப் பெயரும் உண்டு. மின்சாரம் விற்ற பணம் தீவின் வீடுகளைத் திருத்த உதவியது.

இவை பணக்கார நாடுகள் என்று நீங்கள் நினைக்கலாம். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். ஆர். சண்முகம் என்பவர் தலைவராக இருந்த காலத்தில், 2006இல், ஊராட்சியின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு 1.55 கோடி இந்திய ரூபாவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஒரு கிராமம் காற்றாலையின் உரிமையாளராக முடியும் என்பதற்கு அதைவிட அருகில் உதாரணம் வேண்டியதில்லை.

எமது வடக்கிலும் சிறிய முயற்சிகள் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் அத்தீவு மக்களுக்கே என்பதே அதன் சிறப்பு. மன்னாரின் மின்சாரமோ நடுக்குடா துணை மின்நிலையத்தினூடாக நாடு முழுவதற்கும் செல்கிறது. செல்லட்டும், அது தேவை. ஆனால் கொடுக்கும் தீவுக்கு அதில் ஒரு பங்கு நிலையாகக் கிடைக்க வேண்டாமா?

நாம் செய்யக்கூடியவை

பூநகரியிலோ, முசலியிலோ, மலையகத்திலோ, எங்கிருந்தாலும் இவ்வாறான திட்டம் உங்கள் ஊருக்கு வரும்போது பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

முதலில், எவ்வகை அறிக்கை தயாரிக்கப்படுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்றால் 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்நாட்களுக்குள் உங்கள் கருத்தை எழுத்தில் கொடுக்கலாம். ஆரம்பப் பரிசோதனை அறிக்கை மட்டும் என்றால் அந்த 30 நாள் வாய்ப்பு இல்லாமற் போகலாம். ஆகவே நேரகாலத்துடன் கேட்பது அவசியம்.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். தமிழில் கடிதம் எழுதினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தரப்படுமா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

மூன்றாவது, வெற்றிடம் உள்ள எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வாங்குபவர் யார், என்ன தேவைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். குத்தகையாக முடியுமென்றால் விற்க அவசரப்பட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களில் வசதி குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

நான்காவது, உங்கள் ஊரின் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். பெரிய கடதாசி ஒன்றும் நாலு நிறப் பென்சிலும் போதும். வெள்ளம் எவ்வழியால் ஓடும், எந்தக் கிணறு உவர்க்காது என்பதை வயதான பெண்களைக் கேட்டுக் குறியுங்கள். கூட்டத்தில் வாயால் சொல்வது காற்றோடு போய்விடும். வரைந்து கொடுத்தால் கோவையில் இருக்கும்.

மீண்டும் மஹய்யாவவில்

கண்டிக்குத் திரும்பி அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் கூறினேன். அன்று கேள்வி கேட்ட சகோதரி வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்: "அந்த அம்மாவுக்கு காட்டுறதுக்கு ஒரு உறுதியாவது இருக்கு மிஸ். எங்க வீட்டுக்கு அதுவும் இல்ல. நாளைக்கு இந்த எடத்துல என்ன கட்டப் போறாங்கன்னு நாமளும் எழுதிக் கேக்கலாமா?" கேட்கலாம் என்றேன். அவரது மகள் அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து பல உயிர்கள் போயின. எங்கள் பகுதியிலும் மின்சாரம் இல்லாமற் போனது. தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மன்னாரிலும் வெள்ளம். அக்கா தங்கையின் குரலைக் கேட்பதற்கு ஐந்து நாட்கள் காத்திருந்தார். இருட்டில் அவருக்குத் துணையாக இருந்தவர்கள் அந்தச் சேமிப்புக் குழுப் பெண்கள்தான்.

ஆறாம் நாள் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், கோயிலில் தங்கியிருந்தோம், எல்லோரும் சுகம் என்றார் தங்கை. தரகர் பிறகு வரவேயில்லையாம். காணியைப் பற்றித் தகவல் கேட்டுக் கடிதம் போட்டிருப்பதாகவும், காணப்படாதவருக்கான சான்றிதழுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் கூறினார்.

"காணி எப்பிடி?" என்று அக்கா கேட்டார்.

"தண்ணிக்குள்ளதான் கிடக்கு. பனை எல்லாம் நிக்குது. என்ர பேரிலதான் இன்னும் கிடக்கு."

காற்றாலை வேண்டாமென்று அந்தத் தங்கை ஒருபோதும் என்னிடம் சொன்னதில்லை. தன்னைக் கேட்டுவிட்டு வை என்றுதான் சொன்னார். யுத்தம் எம்மிடம் எதையும் கேட்டுவிட்டு எடுக்கவில்லை. அபிவிருத்தியாவது கேட்டுவிட்டு எடுக்கட்டும். கேட்காவிட்டால் கேட்க வைப்போம். அதற்கு முதற்படியாக, இந்த மாதமே உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, காணி உறுதி எங்கே இருக்கிறது, அது யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.